சாளைக்கு எந்த மாநிலம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மீன்பிடித் தடைக்காலம் நெருங்கினால் கடலோரத்து வாசகர்களிடமிருந்து கடிதங்கள் குவியும். இந்தத் தடவை பலரும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள்: மீனுக்கு டி.என்.ஏ. சோதனை செய்கிறார்களாமே, அது எதற்கு, அதனால் நமக்கு என்ன? என் மனதுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் மற்ற கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதற்கு மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி: சார், எங்கள் ஊர் தமிழ்நாட்டின் கடைசிக் கடற்கரை ஊர். அடுத்த ஊரான பொழியூர் கேரளா. எங்கள் பக்கம் விசைப்படகுக்கு ஜூன் 1-ல் தடை ஆரம்பிக்கிறது, அவர்களுக்கு ஜூன் 9 நள்ளிரவு. நம் மாவட்டத்திலேயே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15-லேயே படகைக் கட்டிவிடுகிறார்கள். இதில் எது மீனுக்குச் சரி? நாங்கள் பிடிக்கிற சாளையும் விழிஞ்ஞத்துச் சாளையும் ஒரே மீன்தானே? ஜீன் சோதனையில் இது தெரிந்துவிடும் என்கிறார்களே, எப்படி? (வாசகர், நீரோடி)

பதில்: இனம் ஒன்றுதான், அதில் சந்தேகமே வேண்டாம். நீரோடியில் ஏலம் போகிற நெய்ச்சாளையும் விழிஞ்ஞத்தில் மத்தி என்று விற்பதும் ஒரே மீன். ஆனால் எவ்வளவு பிடிக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்ய அது மட்டும் போதாது. அந்த இனத்துக்குள் எத்தனை கூட்டம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். தனியாகக் கூடி, தனியாக முட்டையிட்டு, தன் குஞ்சுகளை வைத்தே தன் எண்ணிக்கையை நிரப்பிக்கொள்கிற மீன்கள் ஒரு கூட்டம். விஞ்ஞானிகள் ஸ்டாக் என்று சொல்வது இதைத்தான். இரண்டு கூட்டம் இருக்கும் இடத்தில் ஒன்றுதான் என்று நினைத்துக் கணக்குப் போட்டால், மொத்தப் பிடிப்பு பல வருஷம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும், அதற்குள் சின்னக் கூட்டம் யாருக்கும் தெரியாமல் அழிந்துபோயிருக்கும். ஒரே கூட்டத்தை இரண்டு என்று நினைத்தாலும் கெடுதல்தான், ஏனென்றால் ஒரு மாநிலம் வலையைச் சுருட்டி வைத்துக் காப்பாற்றுகிற மீனை அடுத்த மாநிலம் அள்ளிக்கொண்டு போகும்.

சோதனை செய்வது இப்படி. துடுப்பில் நகக்கண் அளவு ஒரு துண்டை வெட்டி, ஸ்பிரிட்டில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு மீனை மட்டும் பார்த்துப் பயனில்லை, ஒவ்வொரு இடத்திலிருந்தும் முப்பது நாற்பது மீனாவது வேண்டும். டி.என்.ஏ.வில் சில குறிப்பிட்ட இடங்களில் ஒரு மீனுக்கு ஓர் எழுத்தும் இன்னொரு மீனுக்கு வேறு எழுத்தும் இருக்கும். விழிஞ்ஞத்து மீன்களில் எத்தனை சதவீதத்துக்கு அந்த எழுத்து இருக்கிறது, குளச்சலில் எத்தனை, தூத்துக்குடியில் எத்தனை என்று எண்ணுகிறார்கள். இரண்டு கூட்டங்கள் பல தலைமுறையாகக் கலக்காமல் முட்டையிட்டு வந்திருந்தால் இந்த விகிதங்கள் தாமாகவே விலகிப் போயிருக்கும். எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை 0-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண்ணாகச் சொல்வார்கள். ஆற்று மீன்களில் இந்த எண் பெரிதாக வரும். கடல் மீன்களில் பல சமயம் 0.01-ஐக்கூடத் தொடாது, காரணம் முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் வெகுதூரம் போகும், கூட்டங்களும் பெரியவை.

இந்தியக் கடலோரம் முழுவதும் எடுத்த நெய்ச்சாளை மாதிரிகளில் கூட்டத்துக்குக் கூட்டம் தெரிந்த வித்தியாசம் மிகக் குறைவு. நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவில் மீனுக்கு எல்லை எதுவும் கிடையாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான் சாளை முட்டையிடுகிறது, அந்த மாதங்களில் கேரளக் கரையோரத்து நீரோட்டம் தெற்கே நம் பக்கம்தான் வருகிறது. அங்கே இட்ட முட்டை இங்கே குஞ்சாக வந்து சேர எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

அதனால் தடைக்காலம் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை என்பது சாளையின் சினைக்காலத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் நமக்கு 61 நாள், கேரளத்துக்கு 52 நாள் என்ற அந்த ஒன்பது நாள் வித்தியாசத்துக்கு மீனிடம் எந்தக் காரணமும் இல்லை. கரையிலிருந்து 12 கடல் மைல்வரை மாநில அரசின் பொறுப்பு, அதற்கு அப்பால் மத்திய அரசு என்ற ஏற்பாட்டிலிருந்து வந்தது அது. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் சேர்ந்ததால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குமரி முனையைச் சுற்றி இரண்டு பக்கமும் போய்வருகிற மீனுக்கு ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு காலண்டர் போட்டிருக்கிறோம். இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேசி சாளைக்கு ஒரே தேதி வைக்க வேண்டும். இதைச் சொல்ல ஜீன் சோதனைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் விலங்கியல் படிக்கிறேன். டி.என்.ஏ.வில் வித்தியாசம் இல்லை என்று வந்துவிட்டால் எல்லாம் ஒரே ஸ்டாக் என்று முடிவு செய்துவிடலாமா? அப்படியென்றால் ஓர் இடத்தில் அதிகம் பிடித்தாலும் இன்னோர் இடத்திலிருந்து மீன் வந்து நிரப்பிவிடும் இல்லையா? (கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்)

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையது. நிர்வாகத்தில் இருக்கிறவர்களே இந்த இடத்தில் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வித்தியாசம் தெரிந்தால், கூட்டம் வேறு என்று தைரியமாகச் சொல்லலாம். வித்தியாசம் தெரியவில்லை என்றால், ஒன்று என்று சொல்ல முடியாது. இரண்டு ஊருக்கு நடுவில் தலைமுறைக்கு ஒன்றிரண்டு கல்யாணம் நடந்தாலே போதும், கொஞ்ச காலத்தில் இரண்டு ஊர்க்காரர்களும் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஆனால் ஓர் ஊரே காலியாகிவிட்டால் அந்த ஒன்றிரண்டு கல்யாணத்தால் அதை நிரப்ப முடியுமா? மீனிலும் கணக்கு அப்படித்தான் வேலை செய்கிறது. தலைமுறைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய மீன்கள் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் முட்டையிட்டாலே ஜீன் விகிதங்கள் ஒன்றாகவே இருக்கும். வலை வைத்துக் காலிசெய்த கடலை நிரப்ப கோடிக்கணக்கில் மீன் வர வேண்டும். முதலாவது நடப்பதால் இரண்டாவதும் நடக்கும் என்று நம்பக் கூடாது.

இன்னொரு சிக்கல் காலம். நெய்ச்சாளை முன்பெல்லாம் மேற்குக் கரை மீன். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் அது பெரிய அளவில் கிடைக்க ஆரம்பித்ததே 1980-களின் பிற்பகுதிக்குப் பிறகுதான். மன்னார் வளைகுடாப் பக்கம் போன மீன் இன்று அங்கேயே தனியாக முட்டையிட்டுப் பெருகுகிறது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் இந்த முப்பது நாற்பது வருஷம் ஜீன் விகிதங்கள் விலகுவதற்கு மிகக் குறைவு. சோதனையில் ஒன்று என்றுதான் வரும். அது அவற்றின் பழைய உறவைச் சொல்கிறது, இன்றைக்கு யார் எங்கே முட்டையிடுகிறார்கள் என்பதைச் சொல்லவில்லை.

அதனால்தான் ஆய்வாளர்கள் டி.என்.ஏ.வின் வெறும் சாதாரண இடங்களைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. வெப்பம், உப்பு, ஆக்சிஜன் இவற்றைத் தாங்குவதோடு தொடர்புள்ள ஜீன்களைத் தேடிப் பார்க்கிறார்கள். கலப்பு நடந்துகொண்டிருந்தாலும் அந்த ஜீன்களில் வித்தியாசம் நிற்கும், ஏனென்றால் பொருந்தாத குஞ்சு அந்தந்தக் கடலில் பிழைக்காது. இதற்கு மீனின் முழு டி.என்.ஏ. வரிசையும் கையில் இருந்தால் வேலை எளிது. கொச்சியில் இருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், சி.எம்.எஃப்.ஆர்.ஐ., நெய்ச்சாளையின் முழு மரபணுத் தொகுப்பை 2023-ல் வெளியிட்டது: நூறு கோடிக்குச் சற்று அதிகமான எழுத்துகள், 46,316 ஜீன்கள். நம் கரைச் சாப்பாட்டில் தினமும் இருக்கிற மீனுக்கு இது நடந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம்! அதோடு குறி போட்டு விடுவது, தலைக்குள் இருக்கும் செவிக்கல்லைச் சோதிப்பது, சினைக்காலத்தையும் இடத்தையும் குறித்துவைப்பது என்று நாலு வழியிலும் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். நீங்கள் மேற்கொண்டு ஆராய்ச்சிக்குப் போனால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மாதிரி எடுப்பது சினைக்காலத்தில் இருக்கட்டும். மற்ற மாதங்களில் இரை தேடிப் பல கூட்டங்கள் ஒரே இடத்தில் கலந்து நிற்கும், அதில் எடுத்த மாதிரி எதையும் சொல்லாது.

கேள்வி: சரி, இதெல்லாம் படிப்புக்குச் சரி. ஜீனைப் பார்த்து இன்றைக்கு வலை போடலாம், போடக் கூடாது என்று உலகத்தில் எங்காவது சொல்லியிருக்கிறார்களா? (வாசகர், குளச்சல்)

பதில்: சொல்கிறார்கள். நார்வே நாட்டில், லோஃபோட்டன் தீவுகளில்.

அங்கே காட் மீன் இரண்டு கூட்டமாக இருக்கிறது. ஒன்று வடக்கே பாரன்ட்ஸ் கடலில் வளர்ந்து, குளிர்காலத்தில் லோஃபோட்டனுக்கு முட்டையிட வருகிற பெரிய கூட்டம். இன்னொன்று கரையோரத்திலேயே இருக்கும் சின்னக் கூட்டம், நலிந்த கூட்டம். வெளியே பார்த்தால் மீனவருக்கே பிரித்துச் சொல்வது கடினம், இரண்டும் ஒரே வலையில் ஏறும். பெரிய கூட்டத்தைத் தாராளமாகப் பிடிக்கலாம், அதைப் பிடிக்கும்போது சின்னக் கூட்டமும் சேர்ந்து போய்விடுமே என்பதுதான் பிரச்சினை. பான்-ஒன் என்ற ஒரு ஜீனில் கரையோர மீனுக்குப் பெரும்பாலும் ஒரு வகை, வடக்கத்தி மீனுக்குப் பெரும்பாலும் இன்னொரு வகை என்று கண்டுபிடித்தார்கள். 2009-லிருந்து சீசன் நேரத்தில் அங்கிருந்து மாதிரியை பெர்கன் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள், மாதிரி போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் பதில் வருகிறது. கரையோர மீனின் பங்கு 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பகுதி திறக்கும், மேலே போனால் மூடும்.

இதில் நான் மதிப்பது அந்த வேகத்தை. பிடித்து முடித்து ரெண்டு வருஷம் கழித்து அறிக்கை வந்தால் மீனவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அங்கே படகுக்காரருக்கு எந்தப் பகுதி, ஏன் மூடப்பட்டது என்று அந்த வாரமே தெரிகிறது, மாதிரி வருவதும் அவர்களிடமிருந்தே. நம் கடலில் ஒரே வலையில் பத்து இனம் ஏறுகிறது, அதனால் அப்படியே இங்கே செய்துவிட முடியாது. ஆனால் சாளை, அயிலை போன்ற ஒன்றிரண்டு மீனுக்காவது தொடங்கலாம். கேரளத்தில் நெய்ச்சாளை 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கிடைத்தது, 2021-ல் மொத்தமே 3,300 டன் அளவுதான். எல் நினோவால் கடல் சூடானது, குஞ்சுகளைச் சின்னக் கண்ணி வலையால் வாரியது என்று காரணங்கள் உண்டு, பிறகு மீன் ஓரளவு திரும்பியும் வந்தது. இடையில் கஷ்டப்பட்டது எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள வள்ளக்காரர்களும் மீன் விற்கிற பெண்களும்தான். சாளைக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. என்று கேரளம் குறைந்தபட்ச அளவு வைத்திருப்பது நல்ல காரியம். மீன் ஒரே கூட்டமாக இருக்கிற வரை எல்லைக்கு இரு பக்கமும் அளவு ஒன்றாக இருப்பதுதான் நியாயம்.

கேள்வி: பாறசாலைச் சந்தையில் ஒமான் மத்தி என்று பெரிது பெரிதாக வந்தது. அது நம் மத்திதானா? ருசி வேறு மாதிரி இருந்ததே? (இல்லத்தரசி, பாறசாலை)

பதில்: அதே இனம், வேறு கூட்டம். ஒமான் கரை மீனையும் இந்தியக் கரை மீனையும் டி.என்.ஏ.வில் ஒப்பிட்டபோது வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. இரண்டு கரையிலும் கடலின் வெப்பமும் இரையும் வேறு. ருசி மாறுவதற்கு மீனின் வயது, கொழுப்பு, ஐஸில் இருந்த நாள் என்று பல காரணம் இருக்கும், அதை ஜீன் தலையில் கட்ட மாட்டேன். உங்கள் அனுபவத்தைவிட முக்கியமான ஒரு விஷயம் இதில் இருக்கிறது: நம் கடலில் மத்தி அழிந்தால் ஒமானிலிருந்து நீந்தி வந்து நிரப்பாது, லாரியிலும் கப்பலிலும்தான் வரும்.

கேள்வி: ஒக்கி புயலில் போனவர்களின் உடல்களை டி.என்.ஏ. பார்த்துத்தான் அடையாளம் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் ரத்தம் எடுத்தார்கள். மீனுக்கும் அதே சோதனையா? (வாசகர், சின்னத்துறை)

பதில்: 2017 நவம்பர் கடைசியில் அந்தக் கரையில் இருந்த எந்தக் குடும்பத்துக்கும் இந்தச் சொல்லைச் சாதாரணமாகக் கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும். உங்கள் கேள்விக்கு மரியாதையோடு பதில் சொல்கிறேன்.

அடிப்படை ஒன்றுதான், கேட்கிற கேள்வி வேறு. அங்கே கேட்டது, இவர் இந்தத் தாய்க்கு மகனா, இந்தப் பிள்ளைக்குத் தகப்பனா என்று. கூட்டம் பிரிக்கிற ஆய்வில் தனி மீனைப் பற்றி அப்படிக் கேட்பதில்லை, நூற்றுக்கணக்கான மீன்களின் விகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அந்தத் தகப்பன் பிள்ளை சோதனையையே மீனுக்கும் செய்து, கடலில் எத்தனை மீன் இருக்கிறது என்று எண்ணியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. விஞ்ஞானிகள் தெற்கத்தி நீலத்துடுப்புச் சூரையில் செய்தார்கள். அந்த மீன் முட்டையிடுவது ஜாவாவுக்குத் தெற்கே ஒரே இடத்தில், குட்டிகள் வளர்வது ஆஸ்திரேலியாவின் தென் கரையில். இரண்டு பக்கமும் சேர்த்து 13,000-க்கும் மேற்பட்ட மீன்களின் டி.என்.ஏ.வைப் பார்த்ததில் 45 பெற்றோர்–பிள்ளை ஜோடிகள் கிடைத்தன. கடலில் பெரிய மீன் குறைவாக இருந்தால் ஜோடி அதிகம் அகப்படும், நிறைய இருந்தால் குறைவாக அகப்படும். அதிலிருந்து மொத்த எண்ணிக்கையைக் கணக்கிட்டு 2016-ல் வெளியிட்டார்கள். மீனவர் பிடிப்புக் கணக்கில் பொய் சொன்னாரா, படகு சரியாகத் தேடியதா என்ற சந்தேகத்துக்கே இதில் இடமில்லை.

கேள்வி: எங்கள் படகுகள் ஆழ்கடலில் சுறா பிடிப்பவை. பிடிக்கக் கூடாத சுறா என்று சொல்லிக் கரையில் நிறுத்திவிட்டால் நாங்கள் எப்படி நிரூபிப்பது? டி.என்.ஏ. எங்களுக்கு எதிரானதா? (படகு உரிமையாளர், தூத்தூர்)

பதில்: எதிரானது இல்லை, இரண்டு பக்கமும் பேசும். தலையும் துடுப்பும் வெட்டிய சுறாவைக் கண்ணால் பார்த்து இனம் சொல்வது பழகிய ஆய்வாளருக்கே கஷ்டம். சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு ஜீன் துண்டைப் படித்தால் பெரும்பாலான இனங்களை அடையாளம் சொல்லிவிடலாம். காய்ந்த பீலியிலிருந்தும், அதாவது துடுப்பிலிருந்தும் எடுக்கலாம். அது எந்தக் கடலிலிருந்து வந்தது என்றுகூட சில இனங்களில் தெரியும். ஹாங்காங் சந்தையில் இருந்த கொம்பன் சுறாப் பீலிகளைச் சோதித்து, ஐந்தில் ஒரு பங்கு மேற்கு அட்லாண்டிக்கிலிருந்து வந்தது என்று 2009-ல் காட்டினார்கள். இந்தியாவிலிருந்து சுறாப் பீலி ஏற்றுமதிக்கு 2015 முதல் தடை, வன உயிர்ச் சட்டப் பட்டியலும் 2022 திருத்தத்தில் நீண்டுவிட்டது. எனவே சந்தேகத்தில் நிறுத்தினால், மாதிரி எடுத்து இனத்தை உறுதி செய்யுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உடலை முழுசாகக் கொண்டுவந்தால் பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் வள்ளத்தில் போகிறார். நாங்கள் இந்த ஆய்வுக்கு ஏதாவது செய்ய முடியுமா? (வாசகி, வள்ளவிளை)

பதில்: முடியும். விழிஞ்ஞத்தில் சி.எம்.எஃப்.ஆர்.ஐ. மையம் இருக்கிறது, முதலில் அங்கே கேட்டு, இப்போது எந்த மீனுக்கு மாதிரி தேவை என்று தெரிந்துகொள்ளுங்கள். தேவைப்பட்டால், சுத்தமான கத்தரியால் வால் துடுப்பில் சின்னத் துண்டு வெட்டி அவர்கள் கொடுக்கிற ஸ்பிரிட் குப்பியில் போட வேண்டும், ஒரு மீனுக்கு ஒரு குப்பி. ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், அது டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். அதைவிடப் பெரிய உதவி உங்கள் வீட்டுக்காரர் தலையில் இருக்கிற விவரம்: எந்த இடம், எத்தனை பாகம் ஆழம், எந்த வலை, மீனில் சினை இருந்ததா, நீர் கலங்கியா தெளிந்தா. ஆய்வகத்தில் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரம் இருந்தாலும் இந்த விவரம் இல்லாத துண்டு வெறும் துண்டுதான். குப்பிக்குள் போடுகிற சீட்டில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.